ரிக் வண்டி சத்தீஸ்கரில், லேப்டாப் திருச்செங்கோட்டில்: கேன் பஸ்ஸை நெட் வழியாக இழுக்க முடியுமா?

திருச்செங்கோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு நண்பர் கேட்டிருப்பது இதுதான். அவர் பார்க்கும் ரிக் வண்டிகள், அதாவது போர்வெல் போடும் வண்டிகள், சத்தீஸ்கர் பக்கம் ஓடுகின்றன. கம்ப்ரசர் இன்ஜினில் செக் லைட் எரிந்தால் இங்கிருந்து ஆள் கிளம்பிப் போய்ச் சேருவதற்குள் வண்டி சும்மா நிற்கிறது, ஆள் கூலியும் ஃபைனான்ஸ் வட்டியும் ஓடுகின்றன. ஒரு ராஸ்பெரி பை (கையளவு கம்ப்யூட்டர்), ஒரு கேன் போர்டு, ஒரு 4ஜி டாங்கிள் வைத்து இன்ஜினின் கேன் பஸ்ஸை (கண்ட்ரோலர்கள் தங்களுக்குள் பேசும் இரண்டு ஒயர் இணைப்பு) அப்படியே இன்டர்நெட் வழியாக ஒர்க்‌ஷாப் லேப்டாப்புக்குக் கொண்டு வந்து, கம்பெனி டயக்னாஸ்டிக் மென்பொருளை இங்கே உட்கார்ந்தே ஓட்ட முடியுமா என்கிறார். மேஜை மேல் இரண்டு போர்டுகளை வைத்து ஒருவர் இப்படிச் செய்து காட்டிய வீடியோவையும் பார்த்திருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வண்டியில் என்ன நடக்கிறது என்பதை இங்கிருந்து பார்க்க முடியுமா என்பது ஒன்று. வண்டியின் கேன் ஒயரை இங்கே வரை நீட்ட முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில், முடியும். செலவும் பெரிதாக இல்லை. இரண்டாவதற்கு என் பதில், மேஜை மேல் ஓடும், ரிக்கில் அதை நம்பி இறங்காதீர்கள். கோயமுத்தூரில் மில் மெஷின் கண்ட்ரோலரில் ஆரம்பித்து இப்போது ஜெனரேட்டர், கம்ப்ரசர் பேனல் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

கேன் பஸ்ஸை பாஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்டது. காருக்குள் கட்டுக்கட்டாகப் போகும் ஒயர்களைக் குறைத்து, இரண்டு ஒயரில் எல்லாக் கண்ட்ரோலரும் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். லாரி, கம்ப்ரசர், ஜெனரேட்டர் போன்ற பெரிய டீசல் இன்ஜின்களில் அதன் மேல் ஜே1939 என்ற மொழி ஓடுகிறது. பெரும்பாலும் வேகம் நொடிக்கு 250 கிலோபிட்; புதிய வண்டிகளில் 500-ம் உண்டு. இந்த இரண்டு ஒயரில் தலைவன் என்று யாரும் கிடையாது. இரண்டு கண்ட்ரோலர்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால், ஒவ்வொரு பிட்டிலும் ஒயரின் நிலையைப் பார்த்துக்கொண்டே போய், செய்தியின் அடையாள எண்ணான ஐடி பெரிதாக வைத்திருப்பவர் தானாக வாயை மூடிக்கொள்வார். சின்ன ஐடி உள்ள செய்தி கெடாமல் போகும். அதே போல ஒரு செய்தி முடியும் இடத்தில் ஒரே ஒரு பிட் நேரம் விட்டு வைத்திருப்பார்கள். கேட்டவர்களில் ஒருவராவது அந்த நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று ஒயரை இழுக்க வேண்டும். யாரும் இழுக்கவில்லையென்றால் அனுப்பியவர் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு திரும்ப அனுப்புவார்.

250 கிலோபிட்டில் ஒரு பிட்டின் நேரம் 4 மைக்ரோ செகண்ட். ஃபைபரில் ஒளியே அந்த நேரத்தில் சுமார் 800 மீட்டர்தான் போகும். போய் வர வேண்டுமென்றால் 400 மீட்டர். ஜே1939 ஒயர் 40 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, கிளை ஒயர் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருப்பது சும்மா இல்லை. திருச்செங்கோட்டுக்கும் ராய்ப்பூருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. 4ஜியில் ஒரு பாக்கெட் போய்த் திரும்ப, டவர் நன்றாக இருந்தாலே 50 முதல் 100 மில்லி செகண்ட் ஆகும். ஆக, பஸ் என்பதை நெட்டில் அனுப்பவே முடியாது. அதில் போகும் செய்திகளை மட்டும் ஒரு பெட்டியில் வாங்கி, பாக்கெட்டாகக் கட்டி, இந்தப் பக்கம் இன்னொரு பெட்டி வழியாக வேறொரு பஸ்ஸில் விடலாம். நீங்கள் பார்த்த வீடியோவில் நடப்பது அதுதான்.

லினக்ஸில் அதற்கான வசதி நன்றாகவே இருக்கிறது. சாக்கெட்கேன் என்பது ஃபோக்ஸ்வாகன் ஆராய்ச்சிப் பிரிவினர் எழுதிக் கொடுத்தது; 2008 முதல் லினக்ஸ் கர்னலிலேயே உண்டு. கேன் போர்டு அதில் ஒரு நெட்வொர்க் கார்டு மாதிரியே தெரியும். அதன் மேல் சாக்கெட்கேன்டி என்பது டிசிபி வழியாகவும், கேனலோனி என்பது பெரும்பாலும் யூடிபி வழியாகவும் செய்திகளைக் கடத்தும். கேனலோனி சில செய்திகளைச் சேர்த்து வைத்து ஒரே பாக்கெட்டாக அனுப்பும். லேனுக்குள் அருமையாக வேலை செய்யும். ஒர்க்‌ஷாப்புக்குள் ஒரு மூலையில் இன்ஜின், இன்னொரு மூலையில் லேப்டாப் என்றால் நானே அதைத்தான் பயன்படுத்தச் சொல்வேன்.

நெட்டில் விட்டால் என்ன கெடும்? முதலில் அந்தக் ‘கிடைத்தது’ பிட். உங்கள் மென்பொருள் ஒரு செய்தி அனுப்பினால், அதை ஒப்புக்கொள்வது சத்தீஸ்கரில் இருக்கும் இன்ஜின் இல்லை, உங்கள் மேஜை மேல் இருக்கும் பெட்டி. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கூரியருக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொள்வது மாதிரிதான். அனுப்பியவருக்கு ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று மெசேஜ் போகும், வீட்டில் ஆளே இருக்க மாட்டார்கள். இன்ஜின் பக்கம் பேட்டரி ஐசொலேட்டர் ஆஃப் ஆகியிருந்தாலும் இங்கே எல்லாம் நலமாகவே தெரியும். அடுத்தது, யூடிபியில் பாக்கெட் தொலையலாம், முன்பின்னாக வரலாம். டிசிபியில் தொலையாது, ஆனால் டவர் மாறும்போது இரண்டு மூன்று நொடி அப்படியே நின்று, பிறகு பழைய செய்திகள் எல்லாம் கும்பலாக வந்து விழும். வேகம் 1800 என்று திரையில் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி அதற்குள் ஆஃப் ஆகியிருக்கும்.

டயக்னாஸ்டிக் மென்பொருளுக்கு வந்தால், சிக்கல் டைம்அவுட்டில் இருக்கிறது. ஜே1939-இல் 8 பைட்டுக்கு மேல் எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் துண்டு துண்டாக அனுப்பும் முறை ஒன்று உண்டு. அதில் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே 750 மில்லி செகண்டுக்கு மேல் போனால் தொடர்பு அறுந்தது என்று பெறுபவர் முடிவு செய்வார். அனுப்பச் சொல்லிவிட்டு ஒரு துண்டும் வராமல் 1250 மில்லி செகண்ட் போனாலும் அதே முடிவுதான். கேட்டதற்குப் பதில் 200 மில்லி செகண்டுக்குள் கிளம்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நல்ல 4ஜியில் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். அதனால்தான் வீடியோவில் ஓடுகிறது, ஊருக்குள் வண்டியை நிறுத்திச் சோதித்தாலும் ஓடும். காட்டோரத்தில் ஒரே ஒரு பார் சிக்னலில் பத்தில் எத்தனை முறை ஓடும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. ஃபால்ட் கோடு, அதாவது கோளாறு எண், படிக்கும்போது அறுந்தால் நஷ்டமில்லை, திரும்பப் படித்துக்கொள்ளலாம். ஈசிஎம்முக்கு (இன்ஜினின் கண்ட்ரோலர்) புதுப் புரோகிராம் ஏற்றும்போது பாதியில் அறுந்தால் இன்ஜின் கிளம்பாமல் போகவும் வாய்ப்பு உண்டு. இப்படி நெட் வழியாக அந்த வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

அப்படியானால் கம்பெனி மென்பொருளை எப்படி ஓட்டுவது என்றால், மென்பொருளை வண்டிப் பக்கமே விட்டுவிடுங்கள். ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப், கூடவே உங்கள் யூஎஸ்பி அடாப்டர், அந்த ஒன்பது பின் ரவுண்டு கேபிள் மூன்றையும் ஒரு பெட்டியில் போட்டு சப்போர்ட் லாரியில் வைத்துவிடுங்கள். கோளாறு வந்தால் ஆபரேட்டர் கேபிளை மாட்டி, செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் போதும். நீங்கள் எனிடெஸ்க் மாதிரி ஏதாவது ஒன்றில் உள்ளே போய்விடலாம். மில்லி செகண்ட் கணக்கில் நடக்க வேண்டிய பேச்சு எல்லாம் இரண்டு மீட்டர் கேபிளுக்குள் முடிந்துவிடும். நெட்டில் போவது திரையின் படமும் உங்கள் மவுஸ் அசைவும் மட்டுமே. டவர் இரண்டு நொடி நின்றால் திரை நிற்கும், இன்ஜினுடன் நடக்கும் பேச்சு நிற்காது. ராஸ்பெரி பையில் செய்வதைவிட இது அழகு குறைவுதான். வேலைக்கு இதுதான் ஆகும். அந்த மென்பொருளின் லைசென்ஸ் எத்தனை கம்ப்யூட்டருக்கு என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. பல கம்ப்ரசர் பேனல்களில் கோடு நம்பரைத் திரையிலேயே காட்டும், ஆபரேட்டர் பட்டனை அழுத்திப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ‘ஏனுங்ணா, லைட் எரியுதுங்க’ என்று போன் வந்தால், அந்தப் பக்கத்துக்குப் போய் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்று இரண்டு எண்கள் இருக்கும். எஸ்பிஎன் எந்த அளவீடு என்று சொல்கிறது, எஃப்எம்ஐ அதில் என்ன கோளாறு என்று சொல்கிறது. உதாரணத்துக்கு எஸ்பிஎன் 100 என்றால் ஆயில் பிரஷர். அதோடு எஃப்எம்ஐ 1 வந்தால் பிரஷர் உண்மையிலேயே அபாய அளவுக்குக் கீழே போயிருக்கிறது, உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். அதே எஸ்பிஎன் 100-உடன் எஃப்எம்ஐ 3 அல்லது 4 வந்தால் சென்சார் வோல்டேஜ் தாறுமாறாக இருக்கிறது. பெரும்பாலும் சென்சாரோ, ஒயரோ, கனெக்டரில் புகுந்த தண்ணீரோதான். ஒரே லைட், ஒன்றுக்கு ஆயில் பம்ப்பை எடுத்துக்கொண்டு ஆள் போக வேண்டும், மற்றொன்றுக்கு அங்கேயே ஒரு எலக்ட்ரீஷியன் போதும். ஒயர் கோளாறு என்று தெரிந்தாலும், சாதா பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டிப் பார்க்காமல் ஓட்டச் சொல்லக் கூடாது; சென்சார் குருடாகியிருக்கும் நேரத்தில் பிரஷர் நிஜமாகவே குறைந்தாலும் இன்ஜினுக்குத் தெரியாது.

சரி, பெட்டி வைத்தே தீருவது, எப்போதும் எல்லா வண்டியையும் பார்க்க வேண்டும் என்றால், அதைக் கேட்க மட்டும் வையுங்கள். ஜே1939-இல் பெரும்பாலான விஷயத்தைக் கேட்காமலே இன்ஜின் சொல்லிக்கொண்டிருக்கும். பிஜிஎன் என்பது செய்தியின் வகையைச் சொல்லும் எண். வேகம் பிஜிஎன் 61444-இல் வருகிறது. நான்காவது, ஐந்தாவது பைட்டுகளில் 40, 38 என்று பார்த்தால், பின்னால் இருப்பதை முன்னால் போட்டு 3840 என்று படிக்க வேண்டும். அது ஹெக்ஸ் எனப்படும் பதினாறடிமான எண். நம் கணக்கில் 14400. ஒரு எண்ணுக்கு 0.125 ஆர்பிஎம் என்பதால் 1800 ஆர்பிஎம். பிஜிஎன் 65262-இன் முதல் பைட் கூலன்ட் வெப்பம். அதில் ஹெக்ஸ் 78 வந்தால் நம் கணக்கில் 120, அதில் 40 கழித்தால் 80 டிகிரி. பிஜிஎன் 65263-இன் நான்காவது பைட் ஆயில் பிரஷர், ஒரு எண்ணுக்கு 4 கிலோ பாஸ்கல். பிஜிஎன் 65266-இல் டீசல் செலவு, ஒரு எண்ணுக்கு மணிக்கு 0.05 லிட்டர். ஓனர்களுக்குக் கோளாறைவிட இந்தக் கடைசிக் கணக்கில்தான் ஆர்வம் அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அது ஈசிஎம் கணக்குப் போட்டுச் சொல்லும் எண், டேங்கில் அளந்தது கிடையாது. அதை வைத்து ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எரிந்துகொண்டிருக்கும் கோடுகள் பிஜிஎன் 65226-இல் நொடிக்கு ஒரு முறை தானாக வரும். கோடு ஒன்றுக்கு மேல் இருந்தால் மேலே சொன்ன துண்டு முறையில் வரும், உங்கள் புரோகிராம் அதைச் சேர்த்துப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டியல் பொதுவான ஜே1939 கணக்கு; இது உறுதி. ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு மேல் தன் சொந்தச் செய்திகளை வைத்திருக்கும், அதற்கு விளக்கம் வெளியே கிடைக்காது. பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினில் கேன் பஸ்ஸே இருக்காது. கம்ப்ரசர் பேனல் மட்டும் மாட்பஸ் என்ற வேறொரு மொழி பேசும், இன்ஜின் கேன் பேசும் என்ற கலவையும் உண்டு. லாரியின் இன்ஜினும் கம்ப்ரசரின் இன்ஜினும் தனித்தனி என்றால் பஸ்ஸும் தனித்தனிதான். பிஎஸ்6 லாரியின் ஓபிடி சாக்கெட்டில் மாட்டிவிட்டுக் கம்ப்ரசரைத் தேடக் கூடாது.

மாட்டும் வேலைக்கு மல்ட்டிமீட்டர்தான் முதல் கருவி. சாவி ஆஃப், பேட்டரி ஐசொலேட்டர் ஆஃப். ரவுண்டு சாக்கெட்டில் ஏ கிரவுண்டு, பி பேட்டரி பிளஸ், சி கேன் ஹை, டி கேன் லோ. சி, டி இரண்டுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். இரண்டு கோடியிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருப்பதால் 60-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, அல்லது ரெசிஸ்டர் இல்லை. கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் ஷார்ட். 60 வந்த பிறகு உங்கள் பெட்டியை மாட்டி இன்னொரு முறை பாருங்கள். இப்போது 40 என்று காட்டினால் உங்கள் போர்டிலும் ஒரு 120 ஓம்ஸ் இருக்கிறது. கடையில் கிடைக்கும் போர்டுகளில் அதற்கு ஒரு ஜம்பர் இருக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். 40-இலும் பல நேரம் ஓடும். ஓடிக்கொண்டே இருந்து, இன்ஜின் சூடான பிறகு மத்தியானத்தில் மக்கர் செய்யும். பிறகு சாவியைப் போட்டு சி-யிலும் டி-யிலும் கிரவுண்டுக்கு வோல்டேஜ் பார்த்தால், ஒன்று 2.5-க்குச் சற்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே இருக்கும். சாக்கெட் கறுப்பாக இருந்தால் 250 கிலோபிட், பச்சையாக இருந்தால் 500 என்பது வழக்கம்.

அந்த வேகத்தைத் தப்பாக வைத்துச் சாதாரண முறையில் போர்டை ஆன் செய்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எம்சிபி 2515 சிப் போட்ட மலிவு போர்டில் வெள்ளி நிறத்தில் ஒரு கிரிஸ்டல் இருக்கும். அதன் தலையில் 8.000 அல்லது 16.000 என்று பொறித்திருப்பார்கள். ராஸ்பெரி பையின் அமைப்பில் அந்த எண்ணைத் தப்பாகக் கொடுத்தால், நீங்கள் 250 என்று நினைப்பது பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஓடும். உங்கள் போர்டுக்கு அங்கே வரும் ஒவ்வொரு செய்தியும் பிழையாகவே தெரியும். அதன் வேலை பிழை கண்டால் ஒயரை இழுத்து எல்லாருடைய செய்தியையும் கெடுப்பது. சில செய்திகளைக் கெடுத்துவிட்டுத்தான் அது அடங்கும். அதற்குள் பேனல், இன்ஜினுடன் தொடர்பு அறுந்தது என்று எடுத்துக்கொண்டு கம்ப்ரசரை ஆஃப் செய்யலாம். ஒர்க்‌ஷாப்பில் என்றால் திரும்ப ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். 600 அடி ஆழத்தில் பாறையை உடைக்கும் ஹேமர் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று நின்றால், மேலே வந்துகொண்டிருந்த தூளும் கல்லும் அப்படியே இறங்கி ஹேமரைச் சுற்றி உட்கார்ந்துவிடும். ராடு உள்ளே சிக்கிக்கொண்டால் என்ன செலவு என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

அதனால் போர்டை லிசன்-ஒன்லி என்ற முறையில் வையுங்கள். அந்த முறையில் அது பிழையும் போடாது, ‘கிடைத்தது’ என்றும் சொல்லாது, வெறுமனே கேட்கும். இதை மென்பொருளில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க எனக்கு மனம் வராது. கண்ட்ரோலர் சிப்பிலிருந்து, கேன் ஒயரை நேரடியாக இயக்கும் டிரான்சீவர் சிப்புக்குப் போகும் டிஎக்ஸ் (அனுப்பும்) காலைத் துண்டித்து, டிரான்சீவர் பக்கத்தை ஹையில் கட்டிவிடுங்கள். அதன் பிறகு யார் உள்ளே புகுந்து என்ன புரோகிராம் போட்டாலும் அந்தப் பெட்டியால் பஸ்ஸில் ஒரு பிட்கூடப் போட முடியாது.

இது அதிகப்படியான பயம் என்று நினைப்பவர்களுக்கு 2015-இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை வீட்டில் உட்கார்ந்து செல்போன் நெட்வொர்க் வழியாகப் பிடித்தார்கள். பாட்டுப் பெட்டிக்கும் கேன் பஸ்ஸுக்கும் நடுவே இருந்த சிப்பின் புரோகிராமைத் தூரத்திலிருந்தே மாற்றி எழுதி, கேன் செய்தி அனுப்ப வைத்தார்கள். கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவ்வளவு பெரிய கம்பெனியின் பெட்டியிலேயே பூட்டு போதவில்லை. சாக்கெட்கேன்டியிலும் கேனலோனியிலும் பாஸ்வேர்டு கேட்கும் வழக்கமே கிடையாது. போர்ட்டைத் திறந்து நெட்டில் வைத்தால் வருகிறவர் எல்லாரும் உங்கள் இன்ஜினோடு பேசலாம்.

போர்ட் திறப்பது எப்படியும் சிம் கார்டில் நடக்காது. செல்போன் கம்பெனிகள் ஒரே பொது ஐபி விலாசத்தைப் பல சிம்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. வெளியிலிருந்து உங்கள் பெட்டியைத் தேடிப் போக முடியாது. பெட்டிதான் வெளியே வந்து கூப்பிட வேண்டும். கிளவுடில் சின்னதாக ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்து, பெட்டியையும் லேப்டாப்பையும் ஒயர்கார்டு என்ற விபிஎன் (நெட்டுக்குள் பூட்டிய தனி வழி) மூலம் அதில் சேர்ப்பது எளிது. வெறும் அளவீடு அனுப்ப மட்டும் என்றால் சின்னச் செய்திகளை அனுப்பும் எம்க்யூடிடி முறை போதும், ஆனால் பாஸ்வேர்டும் குறியாக்கமும் போட்டுத்தான்.

எல்லாச் செய்தியையும் அனுப்பவும் வேண்டாம். நொடிக்கு 600 செய்திகள் ஓடும் பஸ் என்று வைத்துக்கொள்வோம்; இது சாதாரணமான சுமைதான். ஒவ்வொன்றையும் 45 எழுத்து வரியாக அனுப்பினால் ஒரு நாளைக்கு 2 ஜிபிக்கு மேல் ஆகும், சிம்மின் தினசரி டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும். பத்து அளவீடுகளைப் பெட்டியிலேயே கணக்குப் போட்டு, நொடிக்கு ஒரு முறை நேரத்தோடு சேர்த்து 100 பைட்டில் அனுப்பினால் நாளைக்கு 9 எம்பிகூட வராது. டவர் இல்லாத நேரத்தில் எழுதி வைத்து, கிடைக்கும்போது அனுப்பச் சொல்லலாம். கோடு எரிந்தால் மட்டும் அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தின் முழுச் செய்திகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஆயில் பிரஷர் மெல்ல இறங்கியதா, சட்டென்று விழுந்ததா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரியும். எனக்கு இந்த வேலையிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான்.

இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு, அணைந்துபோன பழைய கோடுகள் போன்ற சிலவற்றை மட்டும் கேட்டால்தான் இன்ஜின் சொல்லும். அதற்கு அனுப்பும் வசதி வேண்டும், டிஎக்ஸ் துண்டித்த பெட்டியில் ஆகாது. அது அவசியம் என்றால் அந்தக் கேள்விகளைப் பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமே கேட்கட்டும். பிஜிஎன் 59904 ஒன்றைத் தவிர வேறு எதையும் அது அனுப்ப முடியாதபடி கட்டுங்கள். டயக்னாஸ்டிக் கருவிகளுக்கு என்று 249, 250 ஆகிய விலாசங்களை ஜே1939 ஒதுக்கியிருக்கிறது. உங்கள் பெட்டியும் 249-இல் உட்கார்ந்திருக்கும்போது கம்பெனி ஆள் வந்து தன் கருவியை மாட்டினால் இருவருக்கும் தகராறு வரும். பதிவுப் பெட்டிக்கு 251 இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டர், இன்ஜின் வேகம் சம்பந்தமான செய்தியை மட்டும் தூரத்திலிருந்து அனுப்பும் எண்ணமே வேண்டாம். பேனல் அந்தக் கட்டளையைச் சில மில்லி செகண்டுக்கு ஒரு முறை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். நடுவில் நீங்கள் ஒன்று சொன்னால் இன்ஜினுக்கு இரண்டு எஜமானர்கள் ஆகிவிடும், ராடு பக்கத்தில் ஆள் நின்றுகொண்டிருப்பார்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெரும்பாலான பெட்டிகள் சாவது அதில்தான். 24 வோல்ட் வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் பாதிக்கும் கீழேகூட இறங்கலாம். ஓடும்போது பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் ஆல்டர்னேட்டர் ஒரு கணம் நூறு வோல்ட்டைத் தாண்டியும் தள்ளும். ஆன்லைனில் வாங்கும், வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சின்ன பக் கன்வர்ட்டர் அதைத் தாங்காது. வண்டிக்கென்றே செய்த, சர்ஜ் தாங்கும் சப்ளை, தனி ஃபியூஸ், ஐசொலேஷன் உள்ள கேன் டிரான்சீவர் மூன்றும் போடுங்கள். எஸ்டி கார்டில் விடாமல் எழுதிக்கொண்டே திடீரென்று கரண்ட் போனால் கார்டு கெடும். ரீட்-ஒன்லியாக வைத்து, பதிவை மட்டும் தனி இடத்தில் எழுதச் செய்யுங்கள். ஹேமர் அடிக்கும் அதிர்வில் சாலிடர் போடாத ஜம்பர் ஒயர் ஒரு வாரம்கூட நிற்காது. கேன் ஒயரை வெட்டி ஒட்டாமல், ஒய் கேபிள் வாங்கிச் சாக்கெட்டிலேயே மாட்டினால் கம்பெனி ஆள் வரும்போது கழற்றி வைக்கவும் வசதி, வாரண்டிப் பேச்சும் வராது.

வண்டி மழைக்கோ ஆயுத பூஜைக்கோ ஊருக்கு வந்து நிற்கும்போது மாட்டி, ஒர்க்‌ஷாப்பிலேயே சில நாள் ஓட்டிப் பார்த்து அனுப்புங்கள். சைட்டில் போய் முதல் முறை மாட்ட வேண்டாம். ஒரு வண்டிக்கு மட்டும் போதும், மற்ற வண்டிகளுக்கு அப்புறம் பார்க்கலாம். இன்ஜின் நேம் பிளேட், கம்ப்ரசர் பேனலின் பின்பக்கக் கனெக்டர் இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து இங்கே போட்டால் உங்கள் வண்டியில் எந்த இடத்தில் மாட்டலாம், கேன் இருக்கிறதா மாட்பஸ்ஸா என்று சொல்லப் பார்க்கிறேன். சீரியல் நம்பரை மட்டும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.